தவறான ஆங்கில வாக்கியத்தின் அடியில் இருக்கும் சரியான தமிழ் வாக்கியம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் மாலை வேளைகளில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் மட்டுமல்லாமல், ஆத்தங்குடிக் கல் என்னும் தரை ஓடு செய்யும் பட்டறையில் கணக்கெழுதும் பெண்களும், கானாடுகாத்தான் வீடுகளை வெளிநாட்டவருக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளும் வந்து உட்காருகிறார்கள். வயதும் தேவையும் வேறு வேறாக இருந்தாலும் அவர்கள் செய்யும் பிழைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கண்ட பிறகுதான், பிழையை ஆங்கிலத்தில் தேடுவதை நிறுத்திவிட்டுத் தமிழில் தேடத் தொடங்கினேன்.

ஆகவே கீழே வரும் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றே. சிவப்பு மையை எடுக்காமல், “இதைத் தமிழில் என்ன சொல்ல நினைத்தாய்?” என்று கேட்டு, வரும் தமிழ் வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுத வேண்டும். அந்தத் தமிழ் வாக்கியத்தில் பிழை இருக்காது. ஆங்கிலத்தில் கோணலாகத் தெரிவது அங்கே நேராக நிற்கும். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கும்.

அறிகுறி: சொற்கள் எல்லாம் சரி, வாக்கியம் மட்டும் நிற்கவில்லை

“ஐ டெய்லி மார்னிங் தேவகோட்டை பஸ் கேட்ச்” என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் இல்லை. “நான் தினமும் காலையில் தேவகோட்டை பஸ் பிடிக்கிறேன்” என்பதை வரிசை குலையாமல் மாற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். இதை எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள், மறுநாள் அதே பிழை வருகிறது. ஏன் அப்படி வர வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டதே காரணம்.

அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை இது. “அப்பத்தா பூனையை விரட்டினாள்” என்று எழுதிவிட்டு, அடியில் “பூனையை அப்பத்தா விரட்டினாள்” என்று எழுதி, விரட்டியது யார் என்று கேட்பேன். இரண்டிலும் அப்பத்தாதான் என்பார்கள். பிறகு “அப்பத்தா சேஸ்ட் தி கேட்”, “தி கேட் சேஸ்ட் அப்பத்தா” என்று எழுதுவேன். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் தமிழில் யார் யாருக்குச் செய்தார் என்பதை ‘ஐ’ என்னும் உருபு சுமக்கிறது, ஆங்கிலத்தில் அதைச் சுமப்பது இடம் மட்டுமே என்பதை அவர்களே கண்டுவிட்டார்கள். பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டை ஒட்டியும் அதன் பின்னும் அவை தேய்ந்து உதிர்ந்துபோனதால், அவற்றின் வேலையைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டது. ‘நான்’ என்னும் பொருள் தரும் ஆங்கில ‘ஐ’ ‘மீ’ ஆவதும், ‘ஹீ’ என்பது ‘ஹிம்’ ஆவதும் அந்தப் பழைய வீட்டின் எஞ்சிய தூண்கள்.

வீடு என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாக்கியத்தின் அமைப்பை விளக்க நகரத்தார் வீட்டை விடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் போகும் அந்த வீட்டில், எந்த வேலை எந்தக் கட்டில் நடக்கும் என்பது முன்பே தீர்மானமானது. முகப்பில் எழுவாய், வளவில் வினை, இரண்டாம் கட்டில் செயப்படுபொருள், அதற்கும் பின்னால் இடமும் காலமும். காலத்தைக் காட்டும் சொல் வேண்டுமானால் வெளித் திண்ணையில் உட்காரலாம். அதாவது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரலாம். ஆனால் வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் நுழையக் கூடாது. “ஐ கேட்ச் எவ்ரி மார்னிங் தி பஸ்” என்பது இந்தக் குற்றம். ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’, ‘நெவர்’ போன்ற சில சொற்களுக்கு மட்டும் முகப்புக்கும் வளவுக்கும் இடைப்பட்ட நடையில் நிற்க உரிமை உண்டு.

திருத்தம் எளிது. வாக்கியத்தை எழுதும் முன் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விரலால் தொட்டு, எழுவாயை அடுத்துத் தூக்கி வைக்கச் சொல்ல வேண்டும். “ஐ கேட்ச் தி தேவகோட்டை பஸ் எவ்ரி மார்னிங்.” விரல் வைப்பது குழந்தைத்தனமாகத் தோன்றலாம், பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் அதுதான் உதவுகிறது.

அறிகுறி: வாக்கியம் நீண்டால் மட்டும் குலைகிறது

சிறு வாக்கியங்களைச் சரியாக எழுதுகிறவர்கள், “நேற்று திருமயத்திலிருந்து வந்த பையன் பெட்டியை மறந்துவிட்டான்” என்பதற்கு வந்ததும் தடுமாறி, “எஸ்டர்டே திருமயம் கேம் பாய் ஃபர்காட் தி பாக்ஸ்” என்று எழுதுகிறார்கள். இங்கே கோளாறு ‘வந்த’ என்னும் பெயரெச்சத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு பெயரைப் பற்றிய விவரம் எவ்வளவு நீளமானாலும் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் வினை கலந்த விவரம் பெயருக்குப் பின்னால் வரும். பெயரை இழுத்துச் செல்லும் மாடு தமிழில் வண்டிக்கு முன்னாலும், ஆங்கிலத்தில் பின்னாலும் பூட்டப்படுகிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்; மாடு எப்படிப் பின்னால் நின்று இழுக்கும் என்று ஒரு பையன் கேட்ட பிறகு அந்த உவமையை விட்டுவிட்டேன்.

இப்போது செய்வது இதுதான். பெயரெச்சத்தைக் கண்டுபிடித்து, அது எந்தப் பெயரைத் தழுவுகிறது என்று வட்டமிட வேண்டும். அந்தப் பெயரை முதலில் எழுதி, மனிதரானால் ‘ஹூ’, பொருளானால் ‘தட்’ சேர்த்து, விவரத்தை அதன் பின் வைத்து, கடைசியில் முதன்மை வினைக்குத் திரும்ப வேண்டும்: “தி பாய் ஹூ கேம் ஃப்ரம் திருமயம் எஸ்டர்டே ஃபர்காட் ஹிஸ் பாக்ஸ்.” இதைக் கற்ற உடனே இன்னொரு பிழை முளைக்கும்: “தி பாய் ஹூ கேம் ஃப்ரம் திருமயம், ஹீ ஃபர்காட்.” விவரம் நீண்டதால் எழுவாய் மறந்துபோய், மீண்டும் ஒருமுறை அதை அழைக்கிறார்கள். ‘ஹூ’ தொடங்கி விவரம் முடியும் வரை கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொன்னால் “தி பாய் ஹீ ஃபர்காட்” என்று கேட்கும், காதே திருத்திவிடும்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் ‘இங்’ மழை

“கோயிங் டு தி ஷாப் பையிங் வெஜிடபிள்ஸ் கமிங் ஹோம் ஐ குக்ட்.” இது வினையெச்சத்தின் வேலை. “கடைக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்து சமைத்தேன்” என்னும்போது ‘போய்’, ‘வாங்கி’, ‘வந்து’ ஆகிய மூன்றும் காலத்தையும் ஆளையும் தாமே காட்டாமல், கடைசியில் நிற்கும் ‘சமைத்தேன்’ என்பதன் தோளில் சாய்ந்துகொள்கின்றன. சாய்ந்து நிற்கும் வினைக்கு ஆங்கிலத்தில் கிடைத்த முதல் வடிவம் ‘இங்’ என்பதால் பிள்ளை அதைப் போட்டுவிடுகிறாள். நடந்தவற்றை வரிசையாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் தன் காலில் நிற்க வேண்டும்: “ஐ வென்ட் டு தி ஷாப், பாட் வெஜிடபிள்ஸ், கேம் ஹோம் அண்ட் குக்ட்.” எச்சத்தை எல்லாம் முற்றாக்கித் தமிழிலேயே ஒருமுறை சொல்லச் சொல்வேன்: போனேன், வாங்கினேன், வந்தேன், சமைத்தேன். அதன் பின் ஆங்கிலம் தானாக வரும்.

அறிகுறி: நடந்து முடிந்ததற்கும் ‘வில்’

எல்லா அறிகுறிகளிலும் அதிகத் தொல்லை தருவதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே என்பது என் கணிப்பு. கானாடுகாத்தானில் ஒரு வழிகாட்டி, வீட்டின் தூண்களைக் காட்டி, “தே வில் பிரிங் டீக் ஃப்ரம் பர்மா” என்று விருந்தினரிடம் சொல்லியிருக்கிறார். “இன்னமும் பர்மாவிலிருந்தா தேக்கு வருகிறது, அடுத்து எப்போது?” என்று அவர்கள் ஆர்வத்தோடு கேட்க, இவர் திகைத்துவிட்டார். வகுப்பில் வந்து, “டீச்சர், பழைய கதையைத்தானே சொன்னேன், அவங்க ஏன் இனிமே நடக்கப் போறதாகக் கேக்குறாங்க?” என்று என்னிடம் கேட்டார்.

அவர் மனத்தில் இருந்த வாக்கியம், “அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவருவார்கள்” என்பது. ‘கொண்டுவருவார்கள்’ என்பதை எதிர்கால வினை என்று பள்ளியில் கற்பிக்கிறோம். ஆனால் தமிழில் அந்த வடிவம் மூன்று வேலை செய்கிறது. “நாளைக்கு வருவார்” என்பது எதிர்காலம். “சதுர்த்திக்குச் சதுர்த்தி அப்பத்தா பிள்ளையார்பட்டிக்குப் போவார்” என்பது இப்போதுள்ள வழக்கம். “அந்தக் காலத்தில் கொண்டுவருவார்கள்” என்பது முடிந்துபோன வழக்கம். ஆங்கிலத்தின் ‘வில்’ முதல் வேலைக்குத்தான் பொதுவாகப் பொருந்தும்.

சோதனை: வினையை எடுத்துவிட்டு ‘வழக்கம்’ என்று முடித்துப் பார்க்க வேண்டும். “போவது வழக்கம்” என்று பொருந்தினால் ‘வில்’ வேண்டாம், வெறும் நிகழ்கால வினை போதும்: “மை கிராண்ட்மதர் கோஸ் டு பிள்ளையார்பட்டி எவ்ரி சதுர்த்தி.” “கொண்டுவருவது வழக்கமாக இருந்தது” என்று பொருந்தினால் ‘யூஸ்ட் டு’: “தே யூஸ்ட் டு பிரிங் டீக் ஃப்ரம் பர்மா.” இரண்டும் பொருந்தவில்லை என்றால் மட்டுமே ‘வில்’. அந்த வழிகாட்டி இப்போது தூணைத் தொட்டதும் ‘யூஸ்ட் டு’ என்று தொடங்குகிறார். சில சமயம் இன்றைக்கு நடப்பதற்கும் அதையே சொல்லிவிடுகிறார் என்பது வேறு கதை.

அறிகுறி: “டிட் யூ வென்ட்”, “டஸ் ஹீ கோஸ்”

காலத்தை இரண்டு இடத்தில் போட்டுவிடுவதே இங்கே நடப்பது. தமிழில் கேள்வி கேட்க ‘ஆ’ ஒன்றைக் கடைசியில் ஒட்டினால் போதும். ‘போனாய்’ என்னும் வினை அப்படியே இருக்க, ‘போனாயா’ ஆகிவிடும். அதனால் ‘டிட்’ என்பதையும் ‘ஆ’ போன்ற வெறும் கேள்விக்குறி என்று பிள்ளை எண்ணிக்கொள்கிறான். ‘டிட்’ வெறும் குறியல்ல, அதுவே இறந்தகாலத்தை வாங்கிக்கொண்டுவிட்டது என்று சொல்லி, பையில் இருக்கும் ஒரே சாவியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக் காட்டினால் விளங்கிவிடும். ‘டஸ்’ விஷயமும் இதேதான்: ‘கோஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது.

அந்த ‘ஸ்’ தனியாக விடுபடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “ஷி கோ”, “மை ஃபாதர் ஒர்க்” என்று எழுதும் பிள்ளையிடம், தமிழில் எத்தனை இடங்களில் ஆளுக்கேற்ப வினை மாறுகிறது என்று எண்ணச் சொல்வேன்: போகிறேன், போகிறோம், போகிறாய், போகிறீர்கள், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகின்றன. இத்தனையும் ஒரு பிழையில்லாமல் பேசுகிறவளுக்கு, ஆங்கிலம் ஒரே இடத்தில் மட்டும் கேட்கும் ‘ஸ்’ சுமையாக இருக்க முடியாது. சுமையல்ல என்று தெரிந்ததும் மறதி குறைகிறது.

அறிகுறி: “இஸ் ஹாவிங்”, “ஐ ஆம் நோயிங்”

“மாமாவுக்கு மூன்று வீடு இருக்கிறது” என்பதில் உள்ள ‘இருக்கிறது’ என்பதை ‘இஸ்’ ஆக்கி, உடைமை என்பதால் ‘ஹாவ்’ சேர்த்து, இரண்டையும் ஒட்டவைக்க ‘இங்’ போட்டு, “மை அங்கிள் இஸ் ஹாவிங் த்ரீ ஹவுசஸ்” என்று முடிக்கிறார்கள். சோதனை: தமிழ் வினையோடு ‘கொண்டிருக்கிறேன்’ சேருமா என்று பார்க்க வேண்டும். ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ சேரும், அதனால் ‘ஐ ஆம் ஈட்டிங்’. ‘தெரிந்துகொண்டிருக்கிறது’, ‘மூன்று வீடு இருந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ‘ஐ நோ’, ‘ஹீ ஹாஸ்’. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று ‘எனக்கு’ போட்டுத் தமிழில் சொல்லும் வினைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் ‘இங்’ ஏற்காதவை என்பது கூடுதல் உதவி. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்பவை இந்தக் கணக்கில் வராது. அங்கே ஆங்கிலம் வினையையே விட்டுவிட்டு ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஹாவ் எ ஃபீவர்’ என்று வேறு வழியில் போகிறது.

அறிகுறி: ‘எ’, ‘தி’ இரண்டும் கண்டபடி வருகின்றன

தமிழில் இவற்றுக்கு இணை இல்லை என்று சொல்லி நாமே கைவிட்டுவிடுகிறோம். முழுவதும் உண்மையல்ல. “வீடு பார்த்தேன்” என்பதற்கும் “வீட்டைப் பார்த்தேன்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள். முதலாவதைச் சொன்னால், கேட்பவர் “எந்த வீடு?” என்பார், வாடகைக்கோ விலைக்கோ ஏதோ ஒரு வீடு. இரண்டாவதைச் சொன்னால், நேற்றே பேசிக்கொண்டிருந்த அந்த வீடு. அஃறிணைப் பொருள்களில் ‘ஐ’ உருபு வருவதும் வராததும், ‘தி’ வருவதும் வராததும் போல வேலை செய்வதைத் தமிழர் எல்லோரும் அறியாமலே அறிவோம். “ஐ சா எ ஹவுஸ்”, “ஐ சா தி ஹவுஸ்.”

ஆகவே செயப்படுபொருளாக வரும் இடங்களில் உருபைப் பார்க்கச் சொல்கிறேன். ‘ஒரு’ இருந்தால் உருபு இருந்தாலும் ‘எ’ தான் வெல்லும். எழுவாயாக வரும் இடத்தில் உருபு கிடையாது என்பதால், அங்கே கேட்பவரின் வாயால் சோதிக்க வேண்டும்: அவர் “எந்த?” என்று கேட்பாரானால் ‘எ’, கேட்கமாட்டாரானால் ‘தி’. எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆறுகளுக்கு ‘தி’ உண்டு, ஊர்களுக்கு இல்லை என்பது போன்றவற்றைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

அறிகுறி: செய்பவர் இல்லாத வாக்கியம்

ஆத்தங்குடிப் பட்டறைக் கணக்கர் ஒருவர் வெளியூர் வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தில், “தி டைல்ஸ் ஆர் மேக்கிங் இன் ஆத்தங்குடி” என்று இருந்தது. “கல்லெல்லாம் ஆத்தங்குடியில் செய்கிறது” என்று பேச்சில் சொல்வோமே, அதுதான். செய்பவரைச் சொல்லாமல் விடும் உரிமை தமிழுக்கு உண்டு. ஆங்கில வாக்கியத்தின் முகப்பு காலியாக இருக்கக் கூடாது என்பதால், கல்லே முகப்பில் வந்து உட்கார்ந்து, தானே தன்னைச் செய்துகொள்கிறது.

எழுத்துத் தமிழின் ‘படு’ இங்கே கைகொடுக்கும். அவரையே கல் செய்யும் முறையைச் சொல்லச் சொன்னேன்: கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைக்கப்படுகிறது, அச்சின் அறைகளில் வண்ணக் குழம்பு ஊற்றப்படுகிறது, அச்சு எடுக்கப்படுகிறது, மேலே மணலும் சிமெண்டும் கலந்த கலவை இட்டு அழுத்தப்படுகிறது, பிறகு நீரில் ஊறவைக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்படுகிறது. ஒவ்வொரு ‘படுகிறது’க்கும் ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ போட்டு, வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்கச் சொன்னதும், “தி மோல்ட் இஸ் பிளேஸ்ட், தி கலர் இஸ் போர்ட், தி டைல்ஸ் ஆர் சோக்ட்” என்று ஒரு பக்கம் எழுதிவிட்டார். கடிதத்தின் முதல் வரி, “தி டைல்ஸ் ஆர் மேட் இன் ஆத்தங்குடி” என்று மாறியது. தமக்குத் தெரிந்த தொழிலைச் சொல்லும்போது இலக்கணம் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை அன்று பார்த்தேன்.

அறிகுறி: “ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி கீ”

“சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை” என்னும்போது ‘சாவி எங்கே இருக்கிறது’ என்ற கேள்வி அப்படியே இருக்க, ‘என்று’ அதை ஏந்திக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைந்ததும் கேள்வி வரிசையை இழந்து சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: “ஐ டோன்ட் நோ வேர் தி கீ இஸ்.” ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ எல்லாமும் அங்கே உதிர்ந்துவிடும்.

சில்லறை அறிகுறிகள்

“மை பிரதர் எஞ்சினியர்” என்பது “என் அண்ணன் எஞ்சினியர்” என்னும் பெயர்ப் பயனிலை, வினையில்லாமல் தமிழ் நிற்கும், ஆங்கிலம் நிற்காது, ‘இஸ்’ வேண்டும். “மழை பெய்கிறது” என்பதில் மழை பெய்ய, “இட் இஸ் ரெயினிங்” என்பதில் பெய்வது யார் என்று கேட்காதீர்கள். முகப்பை நிரப்ப வந்த ஆள் அது. ‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’ போடக் கூடாது. “எஸ்டர்டே ஒன்லி ஹீ கேம்” என்பது ‘நேற்றுதான்’ என்பதன் நிழல். தேர்வில் திருத்துங்கள், பேச்சில் நான் விட்டுவிடுகிறேன், இந்தியா முழுவதும் அது புரியும்.

அறிகுறி: திருத்திய பிறகு புதிதாக முளைக்கும் பிழை

‘ஸ்’ பாடம் நடத்திய வாரத்தில், “ஹீ கேன் ஸ்விம்ஸ்”, “ஷி வில் கம்ஸ்” என்று நோட்டு முழுவதும் வரும். அதற்கு முன்பு அப்படி எழுதாத பிள்ளைகளே எழுதுவார்கள். இது மட்டும் தமிழிலிருந்து வந்ததல்ல. தமிழில் கேட்டால் “அவனால் நீந்த முடியும்” என்று நேராகத்தான் சொல்வார்கள். விதி புதிதாகக் கைக்கு வந்ததால் எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கே உடனே புதிய விதி ஒன்றை மேலே ஏற்றினால் பழையதும் சேர்ந்து சரியும். இரண்டு வாரம் ‘கேன்’, ‘வில்’ வரும் வாக்கியங்களை நிறைய வாசிக்கக் கொடுத்துவிட்டு, அந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டுவைக்கிறேன். அதற்குப் பிறகும் நோட்டில் அது இருந்தால் மட்டும், ‘டிட்’ பாடத்தில் காட்டிய அதே சாவியைப் பையிலிருந்து எடுக்கிறேன்.